"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற பிறகு

புற்றுநோய் முற்றியவரின் குடும்பத்துக்கு மருத்துவமனையில் கடைசியாகக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்கிறதை வாங்கிக் குடுங்க." எங்கள் மாமாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். அவருக்குக் கன்னத்தில் புற்று. வாயைத் திறக்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். கேட்டதை வாங்கிக் கொடுத்தால் எந்த வாயால் சாப்பிடுவார் என்று அத்தை கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

நோயைக் குணமாக்க முடியாது என்றது சரி. செய்வதற்கு ஒன்றுமில்லை என்றதுதான் தப்பு. அதற்குப் பிறகுதான் மாமா ராத்திரியில் தூங்கினார். அதற்குப் பிறகுதான் பேத்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தையின் பென்ஷன் காகிதம் சரியானதும் அதற்குப் பிறகுதான். இதையெல்லாம் நடத்திக்கொடுத்த சிகிச்சைக்கு வலி தணிப்புச் சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் பேலியேட்டிவ் கேர் என்பார்கள். அதில் ஆயுளின் கடைசிக் காலத்துக்கான பகுதியை ஹாஸ்பிஸ் என்பார்கள். ஹாஸ்பிஸ் என்றதும் ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கட்டடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. பெங்களூருவில் கருணாஷ்ரயா இருக்கிறது. 1999 முதல், முற்றிய புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். மும்பை பாந்த்ராவில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன்தான் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ். ஆனால் நம் பக்கம் இந்தச் சிகிச்சையில் பெரும்பகுதி வீட்டிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

மாமா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வீடு. ஓடுகிற வண்டியில் தூக்கம் வராமல் இருக்கப் பழகிய புகையிலை, ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. ஆபரேஷன், கரன்ட் வைப்பது எல்லாம் முடிந்து, ஒரு வருஷம் நன்றாக இருந்து, அப்புறம் அதே இடத்தில் திரும்ப வந்தது. இந்தத் தடவை கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே புண்ணாக வெடித்தது.

வலி ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம். நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, பேசுவதுமில்லை. ஆனால் வாய்ப்புற்று, மார்புப்புற்று புண்ணாகிவிட்ட வீடுகளில் குடும்பத்தை நோயாளியிடமிருந்து பிரிப்பது முதலில் அதுதான். மாமாவின் அறையில் எந்நேரமும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் நிலைப்படியிலேயே நின்று இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அவருக்கு அது புரியாமல் இல்லை. யாராவது உள்ளே வந்தால் துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அத்தைக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்க ஒரு அக்கா வருவார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம் அது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும், அதாவது இந்த வலி தணிப்புச் சிகிச்சையும், அதிலேயே உண்டு என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குன்னு ஒரு நர்ஸ் இருக்காங்க, நான் சொல்லிவிடுறேன்" என்றார். எங்களுக்கு வாசல் திறந்தது அப்படித்தான்.

நர்ஸ் வந்தார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தார். பழைய கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைப் பிய்க்காமல் உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி நனையவிட்டு, தானாகக் கழன்று வரும்வரை காத்திருந்தார். அதற்கு முன்னால் நாங்கள் பார்த்த டிரெஸ்ஸிங் எல்லாம் பிய்த்து எடுப்பதுதான். ஒவ்வொரு தடவையும் ரத்தம் வரும். புண்ணைக் கழுவிய பிறகு, டாக்டர் சீட்டில் எழுதியிருந்த மெட்ரோனிடசோல் மாத்திரைகளை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நைசாகப் பொடித்து, புண்ணின் மேல் தூவினார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே மலிவான மாத்திரைதான். காற்றுப்படாத ஆழத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம், இந்த மருந்து அவற்றைக் கொல்லும் என்று அத்தைக்குப் புரியும்படி சொன்னார். அடுத்த முறை அத்தையே செய்ய வேண்டும், தான் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றும் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் ஊதுபத்தி தேவைப்படவில்லை. அத்தானின் மகள் நாலாவது படிக்கிறாள். வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு தாத்தா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மாமா துண்டை எடுத்து மூடிக்கொள்ளவும் இல்லை.

அடுத்தது வலி. வலி தணிப்பு டாக்டர் ஒரு அம்மா, நிதானமாகப் பேசுகிறவர். மார்பின் (morphine) என்ற வலி மருந்தை எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு பயம். போதை மருந்து இல்லையா என்றார் அத்தான். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அவசரப்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வலிக்காக, சரியான அளவில், வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ கொடுக்கும் மார்பின் மூச்சை நிறுத்தாது. சிறிய அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். முதல் சில நாட்கள் மயக்கமாக இருக்கும், குமட்டல் வரலாம், பிறகு அது போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால் மார்பின் எழுதும் அன்றே மலமிளக்கியும் எழுத வேண்டும். மலமிளக்கி எழுதாத டாக்டரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். வலியைவிட அந்தச் சிக்கலால் அதிகம் வேதனைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

முக்கியமான விஷயம், வலி வந்த பிறகு கொடுப்பது முறையில்லை. வலி எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, கடிகாரத்தைப் பார்த்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. இரவு பத்துக்கு இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்பாமல் இருப்பதற்காக. அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, கொடுத்த நேரத்தையும் அளவையும் எழுதி வைத்தார். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து குழாயில் விடுவார். எல்லா மார்பின் மாத்திரையையும் இப்படிப் பொடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பொடிக்க வேண்டும்.

மார்பின் தொடங்கியதும் மாமா இரண்டு நாள் விடாமல் தூங்கினார். மயக்கமோ என்று பயந்தோம். பல மாதமாகத் தூணில் சாய்ந்து விடியவிடிய உட்கார்ந்திருந்த மனுஷன், பாக்கித் தூக்கத்தைத் தூங்குகிறார் என்றார் நர்ஸ். மூன்றாம் நாள் எழுந்து சவரப் பெட்டியைக் கேட்டார்.

இந்த மருந்து நமக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைக்கிறது என்று யோசித்தால் ஆத்திரம் வரும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி வளர்த்து, மார்பினுக்கு மூலமான அபினை எடுத்து, மருந்துக்காக வெளிநாட்டுக்கும் அனுப்புகிற நாடு இது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று காலாவதியானால் மற்றவையும் வீண். பல மருத்துவமனைகள் மார்பினே வேண்டாம் என்று விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமலே படித்து முடித்தார்கள். கேரளத்தின் வலி தணிப்பு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இப்போது ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் மாறிவிட்டது. பயம்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த ராஜகோபாலும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணிதான் கேரளம் முழுக்கப் பரவியது. தெருவில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர், மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று சாதாரண ஜனங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே பஞ்சாயத்துதோறும் இதற்கு ஆள் உண்டு. நம்மிடமும் இன்று நர்ஸ் வருகிறார், திட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்கத்தை" என்று சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை. ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிற வீட்டுப் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைப் போல உதவி வேறு கிடையாது.

சரி, அடுத்தது நம் குடும்பங்களில் மிகக் கடினமான விஷயம். நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா? "அவர்கிட்டச் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்று அத்தான் தனியாகப் போய்ச் சொல்லியிருந்தார். அந்த டாக்டரம்மா சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மாமாவிடம் போய் உட்கார்ந்து, "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். மாமாவுக்குப் பேச்சு குழறும். பேத்தியின் சிலேட்டை வாங்கி எழுதினார்: "எவ்வளவு நாள்?" பிறகு அதைத் துடைத்துவிட்டு, "பென்ஷன்" என்று எழுதினார்.

விஷயம் இதுதான். அத்தையின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மாமாவின் ஓய்வூதிய ஆவணத்தில் வேறு மாதிரி இருந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தான் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அத்தை ஆபீஸ் ஆபீஸாக அலைவார் என்பது, இத்தனை வருஷம் டிக்கெட் கணக்கு ஒப்படைத்தவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வீட்டில் எல்லாரும் "உங்களுக்கு ஒண்ணுமில்லை, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இதை யாரிடம் சொல்ல முடியும்? அன்றைக்குப் பிறகு அத்தான் விண்ணப்பம் தயாரித்தார், மாமா கையெழுத்துப் போட்டார், திருத்தம் நடந்தது. சொல்லிவிட்டால் மனசு உடைந்துவிடும் என்று நாங்கள் பயந்த மனிதர், அந்தக் காகிதம் கைக்கு வந்த நாளில் வலி குறைவாக இருக்கிறது என்று சைகை காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் முழு வலி என்றார். உடம்பின் வலி, மனசின் பயம், குடும்பக் கவலை, இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் வலி. ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றவை அதை ஏற்றிவிடும். அவர் முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். 1948இல், புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதருக்குத் துணையாக இருந்தார். சொந்தபந்தம் இல்லாத அந்த மனிதர், சாண்டர்ஸ் கட்ட நினைத்த இல்லத்தின் ஒரு சன்னலுக்காக 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். டாக்டராக இருந்தால்தான் வலிக்கான சிகிச்சையை மாற்ற முடியும் என்று சாண்டர்ஸ் மறுபடி படித்து 1957இல் டாக்டரானார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. ஒரு சன்னலுக்கான பணம் வந்து, அதைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 வருஷம் ஆகியிருக்கிறது.

இதைக் கடைசி நேரத்து ஏற்பாடு என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. அந்தப் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவு. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியும் நடுமதிப்பில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். மற்றப் பிரிவினர் 8.9 மாதம். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வலி தணிப்பு டாக்டரைப் பார்க்கலாம். புற்றுநோய்க்கு மட்டும்தான் என்றும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், மூச்சுத்திணறலோடே வாழ்கிறவர்கள், மறதி நோய் முற்றிய பெரியவர்கள், எல்லாருக்கும் இது உண்டு.

கடைசி நாட்களில் மாமாவுக்குக் குழாயில் விடும் கஞ்சி இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, "ஒரு ட்ரிப்ஸாவது ஏத்தக் கூடாதா? பட்டினி போட்டா கொல்றது?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாப்பாடு போடுவதுதான் நமக்குப் பாசம். ஆனால் ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பாலில் கிடைக்கும் தெம்பு அவ்வளவுதான். முடிவை நெருங்கிய உடம்பு தண்ணீரையும் சாப்பாட்டையும் தானே வேண்டாமென்று விலக்குகிறது. வலிந்து ஏற்றினால் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சைத்தான் அடைக்கும். அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, வாயை ஈரமாக வைத்திருப்பது. ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொரு தடவை துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுவது. இதை வந்த சொந்தங்களிடமே கொடுத்துச் செய்யச் சொன்னார் நர்ஸ். செய்யக் கையில் வேலை கிடைத்ததும் ட்ரிப்ஸ் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அந்த நர்ஸ் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். கடைசியில் மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், கைகால் சில்லிடும். விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்குவதால்தான் அந்தச் சத்தம். கேட்கிற நமக்குத்தான் தாங்காது. அந்த நிலையில் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தேவைப்பட்டால் ஊசி இருக்கிறது, எந்த நேரமானாலும் போன் பண்ணுங்கள் என்றிருந்தார்கள்.

அப்படியேதான் நடந்தது, ஒரு ராத்திரியில். சின்ன மாமா பதறிப்போய் 108க்குப் போன் போடப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்தார். "வேணாம் தம்பி. அவுக இங்கனதான் இருப்பேன்னு எழுதிக் குடுத்துட்டாக. மெஷினு மாட்ட மாட்டோம்னு நானும் சொல்லிட்டேன்." மாமா எழுதிவைத்திருந்தது உண்மை. தேறாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது; 2023இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு விஷயம், அது இன்றும் குற்றம்தான். அந்தக் காகிதம் இருந்ததால் அன்றைக்கு ராத்திரி அத்தையைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாங்கள் மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். விடியும் நேரத்தில் போனார். டாக்டர் வந்து பார்த்து இறப்புக்கான மருத்துவச் சான்று எழுதித் தந்தார். வீட்டில் இறந்தால் சான்றிதழுக்கு அலைய வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: கூடவே இருந்து பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தால் அது பிரச்சினையே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நர்ஸ் மறுபடி வந்தார். நோயாளி போன பிறகு வீட்டில் இருப்பவர்களை வந்து பார்ப்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அத்தை மிச்சமிருந்த மார்பின் அட்டைகளை எடுத்து வந்து கொடுத்தார். நர்ஸ் எண்ணி எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கேட்டார்: "அந்த மாத்திரையக் கூடக் குடுத்துட்டேனா? அதுனாலதான் போனாகளா?"

நர்ஸ் அந்த நாற்பது பக்க நோட்டைக் கேட்டு வாங்கினார். கடைசி இரண்டு வாரப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துக் காட்டினார். அளவு ஏறவே இல்லை. முதல் வாரத்தில் என்னவோ அதுவேதான் கடைசி வாரத்திலும். "நோய்லதான் போனாருங்கம்மா. நீங்க குடுத்தது அவர் வலியில்லாம இருக்கறதுக்கு" என்றார். அத்தை நோட்டை வாங்கி, தானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, கட்டிலில் இருந்த காற்று மெத்தையைத் திருப்பித் தர வேண்டுமா, அடுத்து அது யாருக்குப் போகும் என்று விசாரித்தார். பக்கத்து ஊரில் முதுகில் படுக்கைப்புண்ணோடு ஒரு அம்மா இருக்கிறார் என்றார் நர்ஸ். அத்தான் மெத்தையின் காற்றை இறக்கிச் சுருட்டி, அவருடைய வண்டியில் வைத்துக் கட்டினார்.